இலண்டன் அரங்கும் அயல்நாட்டுப் பார்வையாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடக வரலாற்றை எழுதுவோர் நாடகாசிரியரையும் நடிகரையும் அரங்கக் கட்டடத்தையும் முதன்மைப்படுத்தியே எழுதி வந்துள்ளனர். பார்வையாளரின்றி நிகழாத கலை நாடகம் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். எனினும் பார்வையாளரின் வரலாறு தனியே ஆராயப்படுவது அரிது. அவர்களுள்ளும், கடல் கடந்து ஒரு நகருக்கு வந்து, சில நாள்கள் தங்கி, அடுத்தடுத்துப் பல நாடகங்களைக் கண்டு, தம் ஊர் மீளும் பயணிகள் இன்னும் குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளனர்.

இலண்டனைப் பொறுத்தவரை இப்புறக்கணிப்புப் பொருத்தமற்றது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து அரங்கைப் பற்றி இன்று அறியக்கிடப்பவற்றுள் முக்கியமான சில, அவ்வாறு வந்து சென்றோரின் குறிப்புகள் வழியாகவே கிடைத்துள்ளன. இருபதாம் நூற்றாண்டில் அந்நகர அரங்கு பெற்ற உருவத்துக்கும் அத்தகையோர் பெருமளவு காரணராயினர். முதலிற் சாட்சியாக நின்ற பயணி, பிற்காலத்திற் புரவலராக மாறினார். இம்மாற்றத்தின் இயல்பும் அதன் விளைவுகளுமே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

சாட்சியாக வந்தோர்

ஒல்லாந்தின் உத்ரெக்ற் நகரைச் சேர்ந்த யொகானஸ் டி விற் என்பார் 1596ஆம் ஆண்டளவில் இலண்டனுக்கு வந்தார். அங்கு நான்கு அரங்குகளைக் கண்ட அவர், அவற்றுள் மிகப் பெரியதான ‘சுவொன்’ அரங்கின் உட்புறத்தைப் படமாக வரைந்தார். அதில் மூவாயிரம் பேர் அமரலாம் எனவும் குறித்தார். அவர் வரைந்த மூலப்படம் அழிந்துபோயிற்று. அவருடைய நண்பர் ஆர்ன்ற் வன் பூகெல் பார்த்தெழுதிய பிரதியே 1888ஆம் ஆண்டில் உத்ரெக்ற் பல்கலைக்கழக நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டது. எலிசபெத் காலத்துப் பொது அரங்கு ஒன்றின் உட்புறத்தைக் காட்டும் சமகாலப் படம் இதனைத் தவிர வேறில்லை. நாள்தோறும் அவ்வரங்குகளுக்குச் சென்ற இலண்டன் மக்கள் வரைந்த படம் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. பழகிய பொருளை எவரும் வரைந்து வைப்பதில்லைப் போலும்.

மூன்றாண்டுகளின் பின், 1599இல், பாசல் நகரைச் சேர்ந்த மருத்துவரான தோமஸ் பிளாற்றர் இங்கிலாந்துக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். செப்ரெம்பர் 21ஆம் நாள், நண்பகல் உணவின் பின், தம் குழுவினருடன் தேம்ஸ் நதியைக் கடந்து, வைக்கோற் கூரை வேய்ந்த ஒரு மனையில் ஜூலியஸ் சீசரின் கதையைக் கண்டதாக அவர் எழுதினார். பாத்திரங்கள் ஏறத்தாழப் பதினைந்து என்பதும், நாடக முடிவில் இருவர் ஆணுடையிலும் இருவர் பெண்ணுடையிலும் நின்று நேர்த்தியாக ஆடினர் என்பதும் அவர் தரும் செய்திகள். அரங்கின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ அவர் கூறவில்லை. அது அவ்வாண்டிற் புதிதாக எழுந்த ‘குளோப்’ அரங்கு என்பதும், அந்நாடகம் சேக்ஸ்பியருடையது என்பதும் அறிஞர் பலரும் ஏற்ற முடிபாகும். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் 1623ஆம் ஆண்டிலேயே முதன்முதலாக அச்சேறியது. அதன் காலத்தை வரையறுப்பதற்குப் பயன்படும் தலையாய சான்று இந்த அயலவரின் நாட்குறிப்பே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிளாற்றர் ஒரே நாடகத்துடன் அமைந்தாரல்லர். நகரின் மற்றொரு புறத்தில் வேறொரு நாடகத்தையும் கண்டார். சேவற் போரையும் கரடி வேட்டையையும் கூடப் பார்த்தார். நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டு, சிலவேளை மூன்று இடங்களில் நாடகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நடந்தன என்கிறார். நின்று பார்ப்பதற்கு ஒரு பென்னி, அமர்வதற்கு மேலும் ஒன்று, மெத்தை இட்ட இருக்கைக்கு மூன்றாவது பென்னி எனக் கட்டண முறையை விவரிக்கிறார். பிரபுக்கள் இறக்கும்போது தம் பணியாட்களுக்கு விட்டுச் சென்ற உயர்ந்த ஆடைகள், சிறு விலைக்கு நடிகரிடம் வந்து சேர்ந்தமையையும் அவரே பதிவு செய்தார். ஆங்கிலேயர் அதிகம் பயணம் செய்வதில்லை. பிறநாட்டுச் செய்திகளை நாடகங்களிலேயே அறிந்து கொள்கின்றனர் என்ற அவரது கூற்று குறிப்பிடத்தக்கது. பயணம் செய்யாத மக்கள் உலகை நாடகத்திற் கண்டனர். பயணம் செய்த பிளாற்றரோ அம்மக்களை அதே நாடகத்திற் கண்டார்.

வெனிசியத் தூதுவரின் மதகுருவான ஒறாசியோ பூசினோவின் அனுபவம் வேறானது. 1617ஆம் ஆண்டின் இறுதியில் ‘போர்ச்சூன்’ அரங்கில் ஒரு துன்பியல் நாடகத்தைக் கண்ட அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. எனவே நாடகம் அவர் மனத்தைத் தொடவில்லை. நடிகரின் விலையுயர்ந்த உடைகளும், இடையிடையே வந்த இசையும் ஆடலும் பாடலுமே ஓரளவு இன்பம் அளித்ததாக அவர் எழுதினார். மொழி அறியாதவருக்கு நாடகத்தில் எஞ்சுவது எது என்ற வினாவுக்கு அவர் அன்றே விடை கூறிவிட்டார். அவ்விடை பின்னாளிற் பெரும் வணிகத்துக்கு அடிப்படையாயிற்று.

மாறாத பார்வையாளரும் மாறும் நாடகமும்

அக்காலத்து இலண்டனின் மக்கள் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம். அதனுள் அரங்குக்குச் செல்வோர் ஒரு பகுதியினரே. அதே மக்கள் மீண்டும் மீண்டும் வரவேண்டுமாயின் நாடகம் நாளுக்கு நாள் மாறவேண்டியிருந்தது. அரங்க உரிமையாளரான பிலிப் ஹென்சுலோவின் கணக்கேடு இதனைத் தெளிவுறுத்தும். கடற்படைத் தலைவரின் ஆதரவு பெற்ற நடிகர் குழு 1594–95ஆம் ஆண்டுப் பருவத்தில் 38 நாடகங்களை மேடையேற்றியது. அவற்றுள் 21 புதியவை. சேக்ஸ்பியரும் மார்லோவும் அவர்தம் சமகாலத்தவரும் அத்துணை விரைவில் அத்துணை நாடகங்களை எழுதியமைக்கு அவர்தம் மேதைமை மட்டுமன்றி, இப்பொருளாதார நிர்ப்பந்தமும் காரணமாகும்.

1624ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் தோமஸ் மிடில்ரனின் ‘சதுரங்க ஆட்டம்’ என்னும் நாடகம் குளோப் அரங்கில் ஒன்பது நாள்கள் தொடர்ந்து நடந்தமை அந்நாளில் பெரும் வியப்பாகக் கருதப்பட்டது. ஸ்பானியாவுடன் இங்கிலாந்து கொண்டிருந்த உறவை அந்நாடகம் எள்ளி நகையாடியது. ஸ்பானியத் தூதுவர் டொன் கார்லோஸ் கொலோமா மன்னரிடம் முறையிட்டார், நாடகம் நிறுத்தப்பட்டது. தன் காலத்துப் பிரச்சினையைத் தன் நகர மக்களிடம் நேரடியாகப் பேசும் ஆற்றல் அந்த அரங்குக்கு இருந்தது. அதனை மன்னரே அஞ்சினர்.

இம்மாறும் நாடக முறை பதினெட்டாம் நூற்றாண்டிலும் நீடித்தது. கொற்றிங்கன் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியரான லிக்ரென்பேர்க் 1774–75ஆம் ஆண்டுகளில் இலண்டனில் தங்கியபோது, டேவிட் கரிக் என்னும் பெருநடிகரைப் பல இரவுகளிற் பல வேடங்களிற் காண முடிந்தது. ஓரிரவு ஹம்லற்றாகத் தோன்றியவர், வேறோரிரவு பென் ஜோன்சனின் அங்கதத்தில் வரும் அப்பாவிப் புகையிலை வணிகனாகத் தோன்றினார். தந்தையின் ஆவியைக் கண்ட ஹம்லற் திடீரெனத் திரும்புவதும், முழங்கால் தளரப் பின்வாங்குவதும், தொப்பி நிலத்தில் வீழ்வதும், கைகள் விரிந்தபடி உறைந்து நிற்பதும் லிக்ரென்பேர்க்கின் கடிதங்களில் ஒரு விஞ்ஞானியின் நுணுக்கத்துடன் எழுதப்பட்டுள்ளன. கரிக் 1776இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒளிப்படமும் ஒலிப்பதிவும் இல்லாத காலத்தில் அவரது நடிப்பு எத்தகையது என அறிய, இந்த ஜேர்மன் விருந்தினரின் கடிதங்களை நாடாத ஆய்வாளர் இலர்.

மாறும் பார்வையாளரும் மாறாத நாடகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை தலைகீழாயிற்று. இலண்டனின் மக்கள் தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. புகையிரதப் பாதைகள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் தலைநகரில் வந்து முடிந்தன. 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சிக்கு வந்தோரின் வருகைகள் அறுபது இலட்சத்துக்கும் அதிகம். ஒவ்வோர் இரவும் அரங்கில் அமர்வோர் முந்திய இரவு அமர்ந்தோரல்லர் என்ற நிலை தோன்றியது. பார்வையாளர் மாறாதபோது நாடகம் மாறவேண்டும். பார்வையாளர் மாறுகையில் நாடகம் மாறவேண்டியதில்லை. நீண்டகால ஓட்டம் என்னும் முறையின் அடிப்படை இதுவே.

புள்ளிவிவரங்கள் இதனை உணர்த்தும். 1728இல் ‘பிச்சைக்காரரின் ஒப்பெரா’ தன் முதற் பருவத்தில் 62 முறை நடிக்கப்பட்டது பெருஞ் சாதனையாக இருந்தது. 1875இல் தொடங்கிய ‘எங்கள் பையன்கள்’ என்னும் இன்பியல் நாடகம் 1,362 முறை நடந்தது. முதலாம் உலகப்போரின்போது, 1916இல் தொடங்கிய ‘சூ சின் சௌ’ என்னும் இசை நாடகம், அலிபாபாவின் கதையை ஆடம்பரமான காட்சிகளுடன் காட்டி, 1921 வரை 2,238 ஆற்றுகைகளைக் கண்டது. போர்முனையிலிருந்து சில நாள் விடுமுறையில் வந்த படைவீரர் அதன் பார்வையாளருள் முக்கியமானோர். குறுகிய விடுமுறை, பெருநகர், இசையும் ஒளியும் நிறைந்த ஓரிரவு: பிற்கால உல்லாசப் பயணியின் அனுபவம் இப்படைவீரரிடம் முன்னரே உருப்பெற்றுவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப்போரின் பின் விமானப் பயணம் பெருகிற்று. 1958இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் ஜெற் விமான சேவை தொடங்கியது. 1977இல் குறைந்த கட்டண விமானங்களும் வந்தன. நியூயோர்க்கில் 1973இலும் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் 1980இலும் அன்றைய நாடகத்துக்கான நுழைவுச்சீட்டுகளைப் பாதிவிலைக்கு விற்கும் கூடங்கள் திறக்கப்பட்டன. நகருக்குப் புதியவர் ஒருவர் காலையில் வரிசையில் நின்று, பிற்பகலில் ஒரு நாடகமும் இரவில் இன்னொன்றுமாக, ஒரு கிழமையிற் பலவற்றைக் காண்பது இயல்வதாயிற்று.

அகதா கிறிஸ்ரியின் ‘எலிப்பொறி’ 1952 நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் தொடங்கியது. 1974இல் அடுத்துள்ள அரங்குக்கு மாறியபோதும் அதன் ஓட்டம் தடைப்படவில்லை. நடிகர்கள் மாறினர், கொலையாளி யார் என்பதை வெளியிற் கூறாதிருக்குமாறு ஒவ்வோர் இரவும் பார்வையாளர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 1981 மே 11இல் தொடங்கிய ‘பூனைகள்’ இன்னும் ஒருபடி முன்சென்றது. ரி. எஸ். எலியட் 1939இல் வெளியிட்ட கவிதைகளைத் தழுவிய இவ்விசை நாடகத்திற் கதை மிகக் குறைவு. ஆடலும் பாடலும் வேட ஒப்பனையுமே நிறைவு. ஆங்கிலம் அறியாதவரும் இறுதிவரை அமர்ந்திருக்கலாம். 2002இல் அது நிறைவுற்றபோது 8,949 ஆற்றுகைகள் நடந்திருந்தன. 1617இல் பூசினோவுக்கு ஆறுதலாக அமைந்த உடையும் இசையும் ஆடலும் இப்போது நாடகத்தின் உடலாகவே மாறிவிட்டன.

பெற்றதும் இழந்ததும்

இம்மாற்றத்தைச் சீரழிவு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. நீண்ட ஓட்டம் கலைஞருக்கும் தொழிலாளருக்கும் ஓரளவு நிலையான ஊதியத்தை அளித்தது. ஒளியமைப்பும் மேடைப் பொறியியலும் அதனால் வளர்ந்தன. அரச மானியம் பெற்ற அரங்கும் வணிக அரங்கும் ஒன்றையொன்று அறியாதனவுமல்ல. 1985இல் ‘லே மிசறாப்’ இசை நாடகத்தை முதலில் இலண்டனில் மேடையேற்றியோருள் மானியம் பெற்ற றோயல் சேக்ஸ்பியர் குழுவும் ஒன்று. 1963இல் உருவாகிய தேசிய நாடக நிறுவனம், பல நாடகங்களை மாறி மாறி நடத்தும் பழைய முறையைப் பேணியமையால், லிக்ரென்பேர்க்கின் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டுப் பயணிக்கும் ஓரளவு கிட்டியது.

ஆயினும் இழப்பு உண்டு. ஒரு நகரின் மக்கள் தம் வாழ்வை விவாதிக்கும் இடமாக விளங்கிய அரங்கு, ஒருமுறை மட்டும் வந்து செல்வோருக்குக் காட்டப்படும் பொருளாயிற்று. அவ்வாறு காட்டப்படும் பொருள் எவரையும் புண்படுத்தக் கூடாது. எவருக்கும் அந்நியமாகத் தோன்றவும் கூடாது. ‘சதுரங்க ஆட்டம்’ போன்ற ஒன்று ஒன்பது நாள்கள் ஓடக்கூடும். இருபது ஆண்டுகள் ஓட இயலாது. மேலும், பெரும் இசை நாடகங்கள் அதே அமைப்புடன் பிற நகரங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டன. ‘பூனைகள்’ 1982இல் நியூயோர்க்கிலும் 1986இல் ஹம்பேர்க்கிலும் மேடையேறியது. பிளாற்றர் இலண்டனிற் கண்டதை வேறெங்கும் கண்டிருக்க முடியாது. அவர் வழிவந்த ஜேர்மன் மொழிப் பயணியோ இலண்டனிற் கண்டதைத் தம் மொழியிலேயே அயல் நகரொன்றிற் காணலாம். அதனை எழுதிவைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லாதொழிந்தது.

புரவலரைச் சார்ந்த கலை புரவலர் வராதபோது தவிக்கும். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக இலண்டன் அரங்குகள் யாவும் மூடப்பட்டன. அறுபத்தேழு ஆண்டுகள் ஓய்வின்றி ஓடிய ‘எலிப்பொறி’யும் நின்றது, 2021 மே மாதத்திலேயே மீண்டும் தொடங்கியது. போர்க்காலத்து விடுமுறை வீரரால் வளம்பெற்ற அந்நகர அரங்கு, பயணமே அற்ற காலமொன்றை அன்று கண்டது.

முடிவுரை

1949ஆம் ஆண்டில் சாம் வனமேக்கர் என்னும் அமெரிக்க நடிகர் இலண்டனுக்கு வந்து, குளோப் அரங்கு நின்ற இடத்தைத் தேடிச் சென்றார். அங்கு மதுவடிசாலை ஒன்றின் சுவரில் கரிபடிந்த ஒரு நினைவுப் பலகை மாத்திரமே இருந்தது. அவ்வரங்கை மீளக் கட்டுவதைத் தம் வாழ்வின் பணியாக அவர் மேற்கொண்டார். அது நிறைவுறுமுன் 1993இற் காலமானார். 1997இல் அரங்கு திறக்கப்பட்டது. முற்றத்தில் நின்று பார்ப்போருக்கு அன்று ஐந்து பவுண் கட்டணம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் இலண்டனில் வைக்கோற் கூரை வேய அனுமதி பெற்ற முதற் கட்டடம் அது.

அதனைக் கட்டுவோர் நாடிய சான்றுகளுள் ஒல்லாந்தரான டி விற்றின் படம் உண்டு; பிராக் நகரிற் பிறந்த ஹொல்லர் 1647இல் வெளியிட்ட நகரக் காட்சிப்படமும் உண்டு. பாசல் நகர மருத்துவர் கண்ட வைக்கோற் கூரையும் அங்கே மீண்டும் எழுந்தது. இதுகாறும் நோக்கியவற்றால், அயலவரின் கண் அரங்குக்குச் செய்யக்கூடிய நன்மை அவர் செலுத்தும் கட்டணத்தினும் பெரிது என்பது பெறப்படும். உள்ளூரவர் இயல்பானதெனக் கருதிக் கைவிட்டதை அது வியப்புடன் நோக்கிக் காத்தது. தன் மக்களுக்காகவே இயங்கிய அரங்கைப் பிளாற்றர் ஓர் ஓரத்தில் நின்று கண்டார். அதனாலேயே அவர் எழுதியது நிலைத்தது. பயணிக்காகவே ஆக்கப்படும் அரங்கில், பயணி காண்பதற்கு அவரது சாயலைத் தவிர வேறு என்ன எஞ்சும் என்பது, தன் ஆற்றுகைகளை வந்து செல்வோருக்குக் காட்ட விழையும் எந்தச் சமூகமும் எண்ணிப் பார்க்க வேண்டியதொன்றாகும்.