சிரிக்கும் கொடி

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சியை உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டு ஊர்களில், பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் வீழ்வான். மண்ணால் படுக்கவைத்த அவனுருவைச் சுற்றி அரிதாரம் பூசிய முகங்கள். திருவிழாவும் சாவும் ஒரே களத்தில். அதைக் கண்ட கண்ணுக்கு, ஸ்பானிய ஓவியர் கோயா (1746–1828) மைக்கோடுகளால் வரைந்த சித்திரமொன்று முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அச்சித்திரத்தில் முகமூடிக் கூட்டமொன்று ஆடுகிறது. நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, மத்தி மீனை அடக்கம் செய்வதாகப் பாவனை காட்டும் கேளிக்கை அது. மூடிகளுக்குள் இருப்போர் சிரிக்கின்றனரா, அழுகின்றனரா? கூட்டத்தின் கொடியிலோ சாவைக் குறிக்கும் ‘மோர்த்துஸ்’ என்னும் சொல். இதையே பின்னர் வண்ண ஓவியமாக்கியபோது, அச்சொல் இருந்த இடத்தில் பல்லிளித்துச் சிரிக்கும் பெரிய முகமொன்றை வைத்தார் கோயா. சாவுக்கே முகமூடி!

மன்னர் ஏழாம் பெர்னாந்து 1814இல் மீண்டும் நிறுவிய ‘இன்க்விசிஷன்’ எனும் சமய விசாரணை மன்றம், 1815இல் கோயாவையே விளக்கம் கேட்டு அழைத்தது. அஞ்சித்தான் கொடியை மாற்றினார் என நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் அம்மன்றத்தின் பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சம் வேறொரு முகமூடியை நினைக்கிறது.

1492இல் கிரனடா வீழ்ந்தது. 1502இல் காஸ்தீல் நாட்டு முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது நாடு துறத்தல் என்றாயிற்று. வெளியே கிறிஸ்தவராகவும் வீட்டுக்குள் முஸ்லிம்களாகவும் வாழ்ந்த மொரிஸ்கோக்களுக்கு, வட ஆப்பிரிக்க மார்க்க அறிஞர் ஒருவர் 1504இல் பத்வா அனுப்பினார்: தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றலாம்; நிர்ப்பந்தத்தால் நாவு மறுத்தாலும் உள்ளத்தில் ஈமான் நிலைக்கட்டும். ஒரு நாள் கேளிக்கைக்கு அணிந்து கழற்றும் மூடியன்று இது. நூறாண்டுகளுக்கு மேல் கழற்ற முடியாதது. அதன் பின்னும், 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர்.

அம்மக்களும் மையைத்தான் நம்பினர். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதுபோல், ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். நம்மவர் அதை மதரஸாவில் பகிரங்கமாக ஓதினர். அவர்களோ ஒளித்து வைத்தனர். 1884இல் அல்மோனாசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, மறைவிடத்திலிருந்து அந்த ஏடுகள் வெளிவந்தன. கோயா மறைந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.