மகளிர் புற்றுநோயும் மருத்துவரின் தகுதியும்

உத்திரமேரூர் என்றதும் கற்றோர் நினைவில் எழுவன வைகுண்டப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக்களே. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அவை, வாரியத்திற்கு நிற்பவனுக்கு வயது என்ன, நிலம் எவ்வளவு, கல்வி யாது என்று வகுத்துரைக்கின்றன. ஏரியைக் காப்பவனைத் தேர்வதற்கே இத்துணை ஆராய்ந்த ஊர் எங்கள் ஊர். ஆனால், தம் வீட்டுப் பெண்ணின் கருப்பையை அறுத்தெடுக்கப் போகிறவரின் தகுதி யாதென்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்டால், நம் தாய்மார் வெட்கத்தால் வாய் திறவார். பொறுக்க இயலாதபோது அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிடுவதும் உண்டு. பின்னர், எடுத்த தசையைச் சோதித்தால் புற்றுநோய் என்று வரும். அந்நோய்க்குச் சாதாரண சிகிச்சை பெரும்பாலும் போதாது. சுற்றியுள்ள தசையையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கவேண்டியிருக்கலாம். அல்லது கத்தியே படாமல் கதிர்வீச்சால் தீர்க்கவேண்டியிருக்கலாம். முதல் சிகிச்சை பிழைபட்டால் இரண்டாவது கடினமாகிவிடும்.

வியன்னாவில் வெர்த்தைம் என்பார் 1898-இல் இத்தகைய விரிந்த அறுவையைத் தொடங்கினார். நம் நாட்டில் கல்கத்தாவின் சுபோத் மித்ரா இத்துறையில் உலகப் புகழ் பெற்றார். எனினும், என் நெஞ்சை அதிகம் கவர்வது சென்னை வரலாறே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. மறு ஆண்டே, மகப்பேற்று மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற டாக்டர் சாந்தா, எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் கிடைத்த அரசாங்க உத்தியோகத்தை விடுத்து அங்கே சென்றார். பலர் வியந்தனர். பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றவருக்குப் புற்றுநோயோடு என்ன வேலை என்பது அக்காலத்து எண்ணம். ஆனால், அந்நாளில் சென்னைப் பெண்களை மிகுதியாக வாட்டிய புற்றுநோய் கருப்பை வாயில் தோன்றுவதன்றோ! பெண்ணின் உடலை அறிந்த கல்வியும், புற்றின் போக்கை அறிந்த கல்வியும் ஒருவரிடமே கூடுவது எத்துணைப் பயன் என்பதை அவரது வாழ்வு காட்டிற்று. 2021-இல் மறையும் வரையில் அவர் அந்நிலையத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்காவில் இத்துறை நிபுணர்கள் தமக்கெனச் சங்கம் கண்டது 1969-இல். அதே ஆண்டில் புற்றுநோயால் காலமான அறிஞர் அண்ணாவின் பெயரால், அவர் பிறந்த காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துப் பஸ் பயணந்தான். இதை அறியாமல் வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்து வெகு தூரம் அலைகிறவர்களும் இருக்கிறார்கள்!

நிபுணரை நாடுமுன் நோயை அறியவேண்டும். கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, வெண்மை படர்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. 2000-இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்தனர். அங்கே இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவிகிதம் குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சந்தேகம் உறுதிப்பட்டால், கத்தி எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: இவர் பெற்ற பயிற்சி புற்றுநோய் அறுவையிலா, பொது மகளிர் மருத்துவத்திலா? கதிர்வீச்சு மருத்துவரோடு கலந்து முடிவு செய்கிறாரா? ஏற்கெனவே அறுவை நடந்துவிட்டதாயின், தசைச் சோதனையின் அறிக்கையையும், மெழுகில் பதித்து வைத்த தசைத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு காரப்பேட்டைக்கோ அடையாற்றுக்கோ புறப்படுங்கள்.