மலிவு விலை ரிவால்வர்: அமெரிக்காவில் தரத்தைச் சோதிப்பது யார்? வாங்குபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு பொம்மையோ, தொட்டிலோ, ஹேர் டிரையரோ ஆபத்தானது என்று தெரிந்தால், அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஆனா துப்பாக்கிக்கு? அந்த ஆணையத்தை உருவாக்கிய 1972-ம் ஆண்டு சட்டமே, துப்பாக்கி அதன் வரம்பில் வராது என்று சொல்லிவிட்டது. கை தவறிக் கீழே விழுந்தாலே சுட்டுவிடும் ரிவால்வராக இருந்தாலும் இந்த ஆணையம் தலையிட முடியாது.

பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. நிறுவனங்கள் தாங்களாகச் சோதித்தால்தான் உண்டு. 150 முதல் 200 டாலருக்குப் புது ரிவால்வர் கிடைக்கிற அந்த நாட்டில், கவுன்ட்டர் முன்னால் நிற்கிற வாடிக்கையாளர்தான் கடைசிப் பரிசோதகர்.

சட்டத்தில் விழுந்த ஓட்டை

1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டது .22 ரகத்தைச் சேர்ந்த ஒரு மலிவு ரிவால்வரால். அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று அழைக்கப்பட்ட மலிவு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இறக்குமதியாகும் ரிவால்வரின் பேரல் குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதன் ஹேமர் மீது, துப்பாக்கியின் எடைக்குச் சமமான எடையை 36 அங்குல உயரத்திலிருந்து 5 முறை போட்டாலும் பாதுகாப்பு அமைப்பு தாங்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனா இறக்குமதிக்கு மட்டும்! உள்ளூரில் தயாரித்தால் எதுவும் பொருந்தாது. ஜெர்மனியின் ரோம் நிறுவனத் துப்பாக்கிகள் என்ன ஆயின தெரியுமா? உதிரிபாகங்களாக வந்து, மயாமியில் ஒன்று சேர்க்கப்பட்டு விற்பனைக்குப் போயின. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டது அப்படி வந்த ஆர்ஜி-14 ரக ரிவால்வர்தான்.

மத்திய அரசு விட்ட இடத்தைச் சில மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. இல்லினாய்ஸில் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகும் துத்தநாகக் கலவை ஃபிரேம் கொண்ட கைத்துப்பாக்கியை டீலர்கள் விற்கக் கூடாது. கலிஃபோர்னியா 2001 முதல் இன்னும் கடுமை. ஒரு மாடலில் 3 துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். முதல் 20-ல் ஒரு கோளாறும் வரக் கூடாது, மொத்தத்தில் 6-க்கு மேல் போகக் கூடாது. அது போக, சுமார் 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் போட்டும் பார்ப்பார்கள்.

கடையில் என்ன பார்க்கிறார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் முதலில் சிலிண்டரைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணால் உறுதி செய்துகொள்வார்கள். பிறகு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ட்ரிகர் பக்கமே கை போகும். சில .22 மாடல்களில் தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தாலே பாகம் கெட்டுப்போகும்.

ரிவால்வரின் உயிர்நாடி டைமிங். ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் தோட்டா கோணலாகப் பேரலுக்குள் நுழையும். செதுக்கப்பட்ட ஈயத் துகள்கள் பக்கவாட்டில் தெறித்து, பக்கத்தில் நிற்பவர் முகத்தில்கூடப் படலாம். ஒரு அறையைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ஆறு அறை இருந்தால் ஆறையும் பார்க்க வேண்டும். மலிவு ரகத்தில் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் காலை வாரும்!

அடுத்து, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதிகமானால் சூடான வாயு வெளியே சீறும். மிகவும் குறைந்தால் கொஞ்சம் சுட்டதுமே புகைக்கரி படிந்து சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் ஆட்டமும் தெரிந்துவிடும். லேசான ஆட்டம் இருக்கும். 'டக் டக்' என்று சத்தம் கேட்கும் அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

ஹேமரைப் பின்னால் நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்பக்கம் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. அது விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேரமே கிடையாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொன்று. சினிமாவில் ஹீரோ மணிக்கட்டை ஒரு உதறு உதறி சிலிண்டரை மூடுவாரே, ஞாபகம் இருக்கா? நிஜத்தில் அப்படிச் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும். பழைய ரிவால்வரில் சிலிண்டர் கோணலாக மூடினால், முந்தைய ஓனர் சினிமா பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

காந்தத்தை வைத்தும் பார்க்கிறார்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் உடனே மட்டம் என்று முடிவு கட்ட முடியாது, விலை உயர்ந்த ரிவால்வர்களிலும் அலுமினிய ஃபிரேம் உண்டு. ஒட்டவும் இல்லை, எடையும் அதிகம் என்றால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அழுத்தம் குறைந்த .22 தோட்டாவுக்கு அது ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனா எஃகு அளவுக்குத் தேய்மானத்தைத் தாங்காது.

விலை குறைந்தால் தரமும் குறையுமா?

எப்போதும் இல்லை. கீழே விழுந்தால் சுடுமா என்பதைத் தீர்மானிப்பது ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற சின்னத் தகடு. ட்ரிகரை முழுதாக இழுத்தால் மட்டும் அது மேலே வந்து, ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்தும். இழுக்காவிட்டால் ஹேமர் ஊசியைத் தொடவே தொடாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐவர் ஜான்சன் என்ற நிறுவனம், 'சுத்தியலால் ஹேமரை அடித்துப் பாருங்கள்' என்று விளம்பரம் செய்து மலிவு ரிவால்வர்களை விற்றது. கென்னடி சுடப்பட்ட துப்பாக்கியும் அந்த நிறுவனத்துடையதுதான்.

மறுபக்கம், பெரிய பெயர் எடுத்த ரூகர் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் 1973-ல்தான் ட்ரான்ஸ்ஃபர் பார் வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஹேமருக்கு நேரான அறையைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பழைய மாடல்களுக்குப் புதிய பாகத்தை அந்த நிறுவனம் இலவசமாகவே பொருத்தித் தருகிறது. 2018-ல் ரோசி பிராண்டின் சில .38, .357 ரிவால்வர்கள் கீழே விழுந்தால் சுடலாம் என்று எச்சரிக்கை வந்தது. அதை வெளியிட்டதும் அரசு இல்லை, நிறுவனம்தான்.

இந்தியாவில் எப்படி?

இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ரிவால்வரை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 'பட்ஜெட்' என்ற பேச்சுக்கும் பெரிதாக இடமில்லை. பெண்களுக்கென்று 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலையிலிருந்து வந்த .32 ரக 'நிர்பீக்' ரிவால்வரின் விலையே அப்போது 1.2 லட்சம் ரூபாயைத் தாண்டியது.