பெனிசிலினும் மேரி பார்பரின் கணக்கும்

பெனிசிலினின் வரலாற்றை எழுதுவோர் 1928இல் பிளெமிங்கின் ஆய்வுகூடத் தட்டிற் படர்ந்த பூஞ்சணத்தோடு தொடங்கி, 1945இன் நோபல் பரிசோடு முடித்துவிடுவர். அம்மருந்து தோற்ற வரலாறும் ஏறத்தாழ அதேயளவு பழைமையானது. பெனிசிலினைச் சிதைக்கும் பற்றீரிய நொதியமொன்றை ஒக்ஸ்போட்டில் ஆபிரகாமும் செயினும் 1940 டிசெம்பரிலேயே அறிவித்தனர். தொற்றுக்கு ஆளான ஒருவருக்கு அங்கு அம்மருந்து முதன்முதல் ஏற்றப்பட்டதோ 1941 பெப்ரவரியிலேதான்.

பிளெமிங்கும் தம் நோபல் உரையில், போதாத அளவில் மருந்தருந்துவோர் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பயிற்றிவிடுவர் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை உண்மையின் ஒரு பாதியே என்பது என் கருத்து. மறுபாதியைக் காட்டியவர் இலண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலையில் ஆராய்ந்த மேரி பார்பர் அம்மையார். அங்கு நோயாளரிடம் பெற்ற ஸ்ரபிலோகொக்கசுக் கிருமிகளுள் பெனிசிலினுக்குப் பணியாதவை 1946இல் நூற்றுக்கு 14, 1948இல் 59. கிருமிகள் மருந்துக்குப் பழகியதனால் விளைந்ததன்று இது. நொதியத்தை முன்னரே கொண்டிருந்த இனங்கள், ஏனையவை மருந்தால் மடிய, நோயாளிக்கு நோயாளி பரவின. ஆகவே குறைவாக அருந்துவது மட்டுமன்று, வேண்டாதவிடத்து வழங்குவதும் தவறாயிற்று.

பின்னர் அவ்வைத்தியசாலையிலேயே பெனிசிலினின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, தொற்றுப் பரவலையும் தடுத்தபோது எதிர்ப்புக் கிருமிகள் குறைந்தன. அம்மையாரும் சகாக்களும் இதனை 1960இல் வெளியிட்டனர். ஆனால் அக்காலத்திலேயே மெதிசிலின் என்னும் புதுமருந்தும் வந்தது. கட்டுப்பாட்டைவிடப் புதுமருந்தே மருத்துவரைக் கவர்ந்தது போலும். அதற்கும் பணியாத கிருமிகள் 1961இல் இங்கிலாந்திலேயே அறிவிக்கப்பட்டன.