கிணற்றின் உரிமையும் அறிவின் உரிமையும்: எண்ணெய் மீட்பில் பல்பகுதியங்கள்

பெற்றோலியத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கிணறுகளும் கம்பனிகளும் யாருக்கு உரியன என்ற வினாவையே முதன்மைப்படுத்தினர். நிலத்தடி எண்ணெயை வெளிக்கொணரும் அறிவு யாரிடம் உள்ளது என்ற வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வினாவை, நீரில் கரையும் பல்பகுதியங்களின் வரலாற்றை முன்வைத்து ஈண்டு நோக்க விழைகின்றோம்.

முதல் வினாவுக்கு இலங்கை துணிவுடன் விடை கண்டது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகியவற்றின் சொத்துக்கள் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈட்டுத் தகராற்றைக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் கொட்டாஞ்சேனையை அடுத்த கொழும்புத் துறைமுகத்திற்கு வந்த மசகெண்ணெய், பிற நாட்டு மண்ணில் பிறர் அறிவால் எடுக்கப்பட்டதே.

எண்ணெய் வயலொன்றில் இயல்பான அமுக்கம் குன்றியதும், நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவது நெடுங்கால வழக்கம். ஆனால் எண்ணெயிலும் பிசுக்குமை குறைந்த நீர், அதனைச் சீராகத் தள்ளாது, விரல்கள் போலக் கிளைத்து ஊடுருவி உற்பத்திக் கிணற்றை அடைந்துவிடும். பாறையின் நுண்டுளைகளில் பாதிக்கும் மேற்பட்ட எண்ணெய் எஞ்சிவிடுதல் பொதுவானது. நீரில் சிறிதளவு பல்பகுதியத்தைக் கரைத்து அதன் பிசுக்குமையை உயர்த்தினால் இக்குறை தணியும் என்பதை, பை, சாண்டிபோட் என்போர் 1964இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. விசையைக் கூட்டுவதன்று, ஓட்டத்தைச் சமப்படுத்துவதே இம்முறையின் உட்பொருள்.

இதற்கு மிகுதியும் பயன்பட்டது பகுதியாக நீர்ப்பகுப்புற்ற பொலியக்கிரிலமைட்டு ஆகும். அதன் நெடுஞ்சங்கிலியிலுள்ள மறையேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிந்து நீரைத் தடிப்பாக்கும். உப்புநீரில் அவ்வேற்றங்களின் தள்ளுகை தணிந்து சங்கிலி சுருண்டுவிடும். வெப்பம் மிகுந்த பாறையில் நீர்ப்பகுப்பு மேலும் பெருக, கல்சியம் அயன்களோடு சேர்ந்து வீழ்படிவாகவுங் கூடும். சல்பொனேற்றுத் தொகுதிகளை இணைப்பதால் இக்குறை குறையும், செலவு கூடும். பற்றீரியாவிலிருந்து பெறப்படும் சாந்தன் பிசின் உப்பைத் தாங்கும். எனினும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். எல்லா வயலுக்கும் உரிய ஒரே பல்பகுதியம் இல்லை. அந்தந்தப் பாறையையும் நீரையும் அறிந்தே மூலக்கூறு வடிவமைக்கப்படல் வேண்டும். ஆகவே இவ்வறிவு சந்தையில் வாங்கிவரக்கூடிய சரக்கன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனை ஆசிய நாடுகள் சில உணர்ந்தன. இந்திய அரசின் எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு 1985இல் குஜராத்தின் சானந்து வயலில் பரிசோதனையைத் தொடங்கியது. 2004இல் கண்டறியப்பட்ட இராஜஸ்தானின் மங்களா வயலில் 2011இல் முன்னோடி முயற்சி நிகழ்ந்தது. சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் இம்முறை பேரளவிற் கையாளப்பட்டது; பொலியக்கிரிலமைட்டு ஆலையும் அங்கேயே நிறுவப்பட்டது. 1952இன் றப்பர்–அரிசி ஒப்பந்தப்படி இலங்கை அதே சீனாவுக்கு அனுப்பிய றப்பரும் ஒரு பல்பகுதியமே. தோட்டப் பொருளாதாரம் அதனை மூலப்பொருளாக விற்றதோடு பெரிதும் அமைந்தது. வாங்கிய நாடோ பிற்காலத்தில் பல்பகுதியங்களை வடிவமைக்கும் ஆற்றலை வளர்த்தது.

எமது மண்ணிலும் தேடல் நிகழாமலில்லை. 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையிற் கிணறுகள் துளையிடப்பட்டன. பயன்தரு எண்ணெய் கிட்டவில்லை. மங்களாவை இயக்கிய கெயான் இந்தியாவின் இலங்கைக் கிளை, 2011இல் மன்னார்க் கடலில் இரு கிணறுகளில் வாயுவைக் கண்டது. அது உற்பத்திக்கு வருமுன்னரே நிறுவனம் விலகிற்று. வாயுவுக்குப் பல்பகுதியமுறை வேண்டப்படாது. ஆயினும் அதன் வரலாறு தரும் பாடம் பொருந்தும். பாறையை ஆராய்வோர் பிறராயின், எடுப்பதா விடுவதா என்ற முடிவும் பிறருடையதே.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் எரிபொருளுக்காக நீண்ட வரிசைகளில் நின்றனர். 1962இன் தேசியமயமாக்கம் தவறென்பதற்கு அது சான்றாகாது; அப்பணி பாதியில் நின்றதென்பதற்கே சான்றாகும். மீதிப் பணி ஆய்வுகூடங்களிலும் எமது பல்கலைக்கழகங்களின் இரசாயன, புவிச்சரிதவியற் கல்வியிலும் தங்கியுள்ளது.