அறைகலன்களில் பூச்சித் தாக்குதலும் நுகர்வோர் உரிமையும் (இந்தியா)

அறைகலன்களில் பூச்சித் தாக்குதல் தொடர்பான நுகர்வோர் உரிமை என்பது, விலை கொடுத்து வாங்கிய கட்டில், மேசை, அலமாரி முதலிய மரப்பொருட்கள் பின்னர் உளுத்துப்போகும்போதும் மாவு கொட்டும்போதும், வாங்கியவர் விற்பனையாளரிடமிருந்தும் உற்பத்தியாளரிடமிருந்தும் சட்டப்படி பெறக்கூடிய தீர்வுகளைக் குறிக்கும். இந்தியாவில் இவை முதன்மையாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருள் விற்பனைச் சட்டம், 1930 ஆகியவற்றின்கீழ் அமைகின்றன. இவ்வகைப் பிணக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி எழுகின்றன: பூச்சி கடையிலிருந்தே வந்ததா, வீட்டில் வந்து சேர்ந்ததா?

பூச்சி வகைகளும் அவற்றின் தோற்றமும்

விற்பனையாளர்கள் பொதுவாக, "எங்களிடம் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் வீட்டுக் கரையான்தான் ஏறியிருக்கிறது" என்று கூறுவர். கரையானைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. மண்ணில் வாழும் கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்பாதை அமைத்துக்கொண்டு மரத்தை அடையும். அப்பாதை காணப்படின் விற்பனையாளரைப் பொறுப்பாக்குதல் கடினம்.

மாவுத்துளைப்பான் வண்டுகளின் நிலை வேறு. லிக்டஸ் பேரினத்தைச் சேர்ந்த இவ்வண்டுகள் மாவுச்சத்து மிகுந்த மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகின்றன. புழுக்கள் மரத்தினுள்ளேயே உண்டு வளர்கின்றன; அக்காலம் முழுதும் வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. சில மாதங்கள் கழித்தும், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்தும், முதிர்ந்த வண்டு ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளையிட்டு வெளியேறும். அப்போதுதான் முகப்பூச்சு மாவு போன்ற நுண்ணிய தூள் கட்டிலின் அடியில் கொட்டிக் கிடப்பதை வீட்டார் காண்பர்.

இவ்வண்டு வார்னிஷ் அல்லது வண்ணம் பூசி முழுமையாக அடைக்கப்பட்ட பரப்பில் முட்டையிட இயலாது. ஆனால் உள்ளிருந்து அப்பூச்சைத் துளைத்து வெளியேற இயலும். எனவே எல்லாப் பக்கங்களிலும் மெருகிடப்பட்ட புதிய கட்டிலில் சில மாதங்களில் துளைகள் தோன்றின், மெருகிடும் முன்னரே மரத்தில் முட்டையோ புழுவோ இருந்தது என்பதற்கு அது வலுவான சான்றாகும். மெருகிடாத அடிப்பலகையிலும் பின்பலகையிலும் மட்டும் துளைகள் இருப்பின் இவ்வாதம் வலுவிழக்கும்.

உலர்மரக் கரையான் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இதற்கு மண்தொடர்பு தேவையில்லை. இதன் எச்சம் கசகசா போன்ற சிறுமணிகளாக உதிரும். சிறகுள்ள கரையான்கள் வீட்டுக்குள் பறந்து வந்தும் குடியேறலாம். ஆயினும் இதன் குடியிருப்பு மெதுவாகவே பெருகுவதால், வாங்கிய சில மாதங்களிலேயே மணிகள் குவியல் குவியலாக உதிர்ந்தால் அது முன்பே இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

மரத்தின் வகை

ரப்பர் மரம் மாவுச்சத்து மிகுந்தது. தெளிவான வைரக்கட்டை அற்றது. ஆதலால் அறுத்தவுடன் போரிக் அமிலம், போராக்ஸ் கலந்த கரைசலை அழுத்தத்தின் மூலம் உட்செலுத்தி, சூளையில் உலர்த்திய பின்னரே அறைகலனாக்குதல் முறையாகும். இவ்வாறு பதப்படுத்தாமல் விற்பது உற்பத்திக் குறையே. மாமரமும் எளிதில் உளுக்கும்.

தேக்கின் வைரக்கட்டை பூச்சியை எதிர்க்க வல்லது. அதன் வெளிறிய சாற்றுக்கட்டைக்கு அவ்வலிமை இல்லை. சாற்றுக்கட்டையும் தேக்குதான் என்பதால், ரசீதில் "தேக்கு" என்று மட்டும் எழுதியிருப்பது போதிய பாதுகாப்பன்று. "வைரம் மட்டும்", "பதப்படுத்தப்பட்டது" போன்ற சொற்களை ரசீதில் எழுதி வாங்குவது பிற்பாடு பெரிதும் உதவும்.

சட்டநிலை

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்டத்தாலோ வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தத்தாலோ இருக்க வேண்டிய தரத்தில், அல்லது வணிகர் இருப்பதாகக் கூறிய தரத்தில் உள்ள குறைபாடு "பழுது" எனப்படும். மரத்தினுள் மறைந்திருந்த பூச்சி இவ்வரையறைக்குள் வரும். பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் இதற்குத் துணைநிற்கிறது. வாங்குபவர் பொருளை ஆராய்ந்து பார்த்திருந்தால், அவ்வாராய்ச்சியில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பிறகு முறையிட முடியாது என்கிறது அப்பிரிவு. மெருகுக்குள் இருக்கும் புழு எந்த ஆராய்ச்சியிலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற மறுமொழி இங்கு எடுபடாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரசீதில் அச்சிடுவது பரவலான வழக்கம். எனினும் பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடின் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். 30 நாட்கள் கடந்தால் உரிமை முடிந்துவிடும் என்பது இதன் பொருளன்று. பழுது குறித்த முறையீட்டுக்குத் தனிக் காலவரம்பு உண்டு.

கட்டிலிலிருந்து வண்டுகள் பரவி வீட்டின் பிற மரப்பொருட்களையும் கெடுத்தால், அவ்விழப்பு "பொருள் பொறுப்பு" என்ற இயலின்கீழ் வரும். அவ்வியலில் "தீங்கு" என்பது குறையுள்ள பொருளுக்கே நேர்ந்த சேதத்தை உள்ளடக்காது. ஆகவே கட்டிலுக்கான கோரிக்கையைப் பழுது என்றும், அலமாரிக்கான கோரிக்கையைத் தீங்கு என்றும் மனுவில் பிரித்துக் காட்டுதல் நலம்.

மரவாடியில் மரம் வாங்கித் தச்சரிடம் கூலிக்குச் செய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அங்கு மரத்தின் பழுதுக்கு மரவாடியே பொறுப்பு. வேலையின் குறைக்கு மட்டுமே தச்சர் பொறுப்பாவார். வாடகைக்கு எடுத்த அறைகலன் எனில் அது சேவைக் குறைபாடாகக் கருதப்படும். விடுதி போன்ற வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகார். சுயதொழிலால் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு.

சான்றுகள்

ஐக்கிய இராச்சியத்தின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015-இன்படி, பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பொதுவாகத் தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறன்று என்று மெய்ப்பிப்பது வணிகரின் கடமை. இந்தியச் சட்டத்தில் இத்தகைய ஊகம் இல்லை. மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் மீதே விழுவதால், வீட்டார் அருவருப்புடன் பெருக்கித் தள்ளும் அந்த மாவே வழக்கின் முதன்மைச் சான்றாகிறது.

தூளையும் கிடைக்கும் வண்டுகளையும் சிறு புட்டியில் தேதியிட்டு வைக்க வேண்டும். துளைகளை அளவுகோலுடன் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். தரையிலும் சுவரிலும் மண்பாதை இல்லை என்பதையும் படம்பிடிக்கலாம். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். விற்பனையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் முன் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ அடித்தால், வீட்டாரே பொருளைக் கெடுத்ததாக எதிர்வாதம் எழக்கூடும். பரிசோதனையின்றிப் பழுதை முடிவு செய்ய இயலாதெனின், ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்குரிய கட்டணத்தை மனுதாரர் செலுத்த வேண்டும்.

முறையிடும் வழி

விற்பனையாளருக்கு மின்னஞ்சலிலோ விரைவு அஞ்சலிலோ அறிவிப்பு அனுப்புவது முதற்படி. இணையவழி வாங்கியிருந்தால், மின்வணிக விதிகள், 2020-இன்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவை பயனளிக்காவிடின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2021 டிசம்பரில் வெளியான விதிகளின்படி, பொருளுக்குச் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வீட்டு அறைகலன்கள் ஏறக்குறைய அனைத்தும் இதில் அடங்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தின் மூலமும் மனுவைப் பதியலாம்.

பழுதை நீக்குதல், மாற்றுப் பொருள், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றை ஆணையம் ஆணையிடலாம். காலவரம்பு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். பூச்சி வெளிப்பட்ட நாளையே அந்நாளாகக் கொள்ள வேண்டும் என வாதிட இடமுண்டு; எனினும் வாங்கிய நாளிலிருந்தே 2 ஆண்டுகளைக் கணக்கிட்டு மனு அளிப்பது பாதுகாப்பானது.