வீட்டு மாடியில் காற்றாலை: நெய்வேலியில் கட்டுப்படியாகுமா?

மின்கட்டணம் உயரும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்புகிறது. மொட்டை மாடியில் சிறியதாக ஒரு காற்றாலை வைத்துவிட்டால் என்ன? வெயில் பகலில் மட்டும்தான். காற்று இரவிலும் வீசுகிறதே! யூடியூபில் வரும் காணொளிகள் இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறவர்கள், அதில் ஒரு தொகையை இதற்கு ஒதுக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் சில கணக்குகளைப் பார்த்துவிட வேண்டும்.

நெய்வேலியில் இருக்கும் நமக்கு விடையின் பாதி நம் ஊர் நிறுவனத்திடமே கிடைக்கிறது. 1956-ல் தொடங்கப்பட்ட என்.எல்.சி., பழுப்பு நிலக்கரியோடு நின்றுவிடாமல் காற்று, சூரிய மின்சாரத்திலும் இறங்கியது. ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட் திறனுள்ள 34 காற்றாலைகளை, மொத்தம் 51 மெகாவாட் அளவுக்கு அது நிறுவியிருக்கிறது. எங்கே? இன்றைய தென்காசி மாவட்டத்தின் கழுநீர்குளத்தில். சூரியத் தகடுகளையோ நெய்வேலியிலேயே விரித்தது. முதலில் 10 மெகாவாட், பிறகு 130 மெகாவாட். நிலம், பொறியாளர்கள், மின்பாதை எல்லாம் இங்கேயே இருந்தும், காற்றாலைக்கு அத்தனை தூரம் தெற்கே போனார்கள்.

காரணம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளில் நெருக்கப்பட்டு வேகமெடுத்து இந்தப் பக்கம் பாய்கிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் உடுமலைப்பேட்டையிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்பது அதனால்தான். நம் கடலூர் மாவட்டத்துக்கு அப்படியொரு வாசல் இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். ஆனால் ஆடி ஒரு மாதம்தான், மின்கட்டணமோ வருடம் முழுவதும் வருகிறது.

காற்றின் வேகம் சற்றுக் குறைந்தால் மின்சாரமும் சற்றுத்தானே குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும்; வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள ஆற்றலில் 30 சதவீதத்தை அது மின்சாரமாக்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஏறக்குறைய 1,000 வாட் கிடைக்கும். அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகம். குடை பிடிக்க முடியாத காற்று. விற்பவர் ‘1 கிலோவாட்’ என்று எழுதுவது இந்த வேகத்தை வைத்துத்தான். காற்று 6 மீட்டரானால் 120 வாட். 3 மீட்டரானால் வெறும் 15 வாட். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 70 வாட்டுக்கு மேல் எடுக்கும்.

அந்த 15 வாட் நாள் முழுக்க வந்தாலும் மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். காற்று ஏறி இறங்கும்போது கொஞ்சம் கூடலாம். ஆனாலும் 1 யூனிட்டைத் தொடுவது அரிது. தமிழக அரசு 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறதே, அதுவே நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வருகிறது. அதே மாடியில் 1 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நம் வெயிலுக்கு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் உயரம். நல்ல காற்று மேலேதான் இருக்கிறது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும் விடக் குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இறக்கைகள் சுழல வேண்டும் என்பது இத்துறையினர் சொல்லும் விதி. நெய்வேலி நகரியமோ மரங்களால் ஆன ஊர். பிளாக்குகளில் வேம்பும் புங்கனும் தூங்குமூஞ்சியும் மாடிக்கு மேல் குடை விரித்திருக்கின்றன. அந்த நிழலை இழக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வீடே நிறுவனத்துடையது. கம்பம் நட அனுமதி வேண்டும். மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் சொந்த வீடு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்கும் காற்றாலைக்கு நேரான காற்று கிடைக்காது. சுவரில் மோதிச் சுழலும் குழப்பக் காற்றுதான் கிடைக்கும். அது மின்சாரத்தைக் குறைப்பதோடு பேரிங்கையும் தேய்த்துவிடும்.

காற்று அதிகம் வீசும் இங்கிலாந்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ‘வார்விக் காற்றுச் சோதனை’ என்ற பெயரில் 2007, 2008 ஆண்டுகளில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரங்களையும் சேர்த்து, ஒன்றுக்குச் சராசரியாக நாளொன்றுக்குக் கிடைத்தது 214 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. உயரமான அடுக்குமாடிகளின் உச்சியில் இருந்தவை நன்றாகவே சுழலக்கூடியவை. ஆனால் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் செய்ததால் அவற்றை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் மின்சாரத்துக்காகப் பக்கத்து வீட்டு நோயாளியின் தூக்கம் கெடுமானால், அந்த மின்சாரம் நமக்கு எதற்கு?

புயலையும் மறந்துவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் பார்த்தோம். அப்படியொரு இரவில் மாடியில் சுழலும் இறக்கை ஒன்று கழன்றால் அது யார் வீட்டில் போய் விழும்? நல்ல காற்றாலைகளில் தானாக நிறுத்தும் பிரேக் இருக்கும். மலிவானவற்றில் அது பெயரளவுக்குத்தான்.

கிடையாக நின்று சுழலும் இறக்கைகளுக்குப் பதிலாக, நட்டுவைத்த அச்சைச் சுற்றி உருளைபோல் சுழலும் மாதிரிகளைப் புதுமை என்று விற்கிறார்கள். எந்தத் திசைக் காற்றையும் ஏற்கும் என்பது உண்மை. பொதுவாக மின்சாரம் குறைவு என்பதும் உண்மை. புதுமை என்பது மட்டும் சரியில்லை. ஈரானின் ஸீஸ்தான் பகுதியில் இதே அமைப்பில் மாவரைக்கும் காற்றாலைகள் இருந்ததை கி.பி. 10-ஆம் நூற்றாண்டு முஸ்லிம் புவியியலாளர் இஸ்தக்ரீ எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பு, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், காற்றால் சுழலும் திருகை செய்யத் தன்னால் முடியும் என்று அபூ லுஃலுஆ சொல்லிவந்ததாகத் தபரீயின் வரலாற்றில் வருகிறது. அவன் பின்னாளில் செய்த கொடுமையை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள்; அது வேறு கதை. ஸீஸ்தானில் ‘120 நாள் காற்று’ என்றே ஒரு பருவம் உண்டு. அந்தக் காற்று இருந்த இடத்தில்தான் அவர்கள் ஆலை கட்டினார்கள்.

அப்படியானால் சிறு காற்றாலை யாருக்குமே பயன்படாதா? பயன்படும். கயத்தாறு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி பக்கம் மரமில்லாத வெளியில் தோட்டவீடு வைத்திருப்பவருக்கு, மின்கம்பி எட்டாத உப்பளத்துக்கு, இறால் பண்ணைக்கு, சூரியத் தகட்டோடு சேர்த்து வைத்தால் நல்ல துணை. மேகம் மூடிய பருவக்காற்று நாட்களில் வெயில் குறையும்போது அங்கே காற்று கைகொடுக்கும். பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நெய்வேலியை விட நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் உப்புக்காற்று இரும்பையும் செப்பையும் அரிப்பதால் பராமரிப்புச் செலவு ஏறும். எங்கிருந்தாலும் கம்பம், பேட்டரி, ஆண்டுதோறும் பழுது பார்ப்பது எல்லாம் சேர்த்தால், அதே திறனுள்ள சூரியத் தகட்டை விட விலை மிக அதிகம். மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தின் மானியமும் (1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்) சூரியக் கூரைக்கு மட்டும்தான்.

பள்ளிவாசல் மினாராவின் உயரத்தைப் பயன்படுத்தி அதன் உச்சியில் காற்றாலை வைக்கலாமா என்று ஜமாஅத் சகோதரர்களும் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் கருத்து. மினாராவைக் கட்டியவர் இடைவிடாத அதிர்வைத் தாங்கும்படி அதைக் கட்டியிருக்க மாட்டார். கீழே தொழுகையாளிகளும் மதரஸா பிள்ளைகளும் நடமாடுகிறார்கள். ஜமாஅத் பணம் அமானிதம் என்பதால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். பள்ளியின் பரந்த மாடி சூரியத் தகடுகளுக்கு நல்ல இடம்.

இத்தனைக்குப் பிறகும் காற்றாலைதான் வேண்டும் என்பவர்கள், முதலில் காற்றுமானி ஒன்றை வாங்கி, வைக்கப்போகும் இடத்தில் அதே உயரத்தில் ஒரு வருடம் அளந்து பாருங்கள். விற்பவர் காட்டும் காற்று வரைபடம் எத்தனை மீட்டர் உயரத்துக்கானது என்று கேளுங்கள். 100 மீட்டர் உயரத்துக் கணக்கை வைத்து உங்கள் மாடிக் காற்றை அளக்க முடியாது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையம் இருக்கிறது. அந்த மாதிரியை அங்கே சோதித்ததற்குச் சான்று கேளுங்கள். 3, 4, 5 மீட்டர் வேகங்களில் எத்தனை வாட் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழுதானால் வந்து பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.